மூட்டத்துக்குக் கிழக்கே

எப்போதும்வென்றான்
13.6.1982

கர்த்தருக்குள் பிரியமான நேசம்மாள் மதினிக்கு எஸ்தர்ராணி எழுதுவது.

அம்மா சுகமா? கிறிஸ்துராஜ் அண்ணன் சுகமா? உங்களுக்கு வாந்தி நின்றுவிட்டதா? நாலாம் மாதத்தோடு நின்றுவிடும் என்று உங்கள் அம்மா சொல்லுகிறார்கள். எனக்கு ஐந்து முடியப் போகிறது. வாந்தி போய் வேறொன்று பிடித்திருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இந்தத் தாளை வேதப்புத்தகத்துக்குள் வைத்து வைத்து எடுக்கிறேன்.

நீங்கள் கல்யாணமாகிப் போனபோது உங்கள் வீட்டுக்கு மேற்கே பருத்திக்காடு இருந்தது. இப்போது அது கரிமூட்டம் போடுகிற இடம். மழை பொய்த்ததும் உங்கள் அண்ணன், என் வீட்டுக்காரர், காட்டில் மண்டிக்கிடந்த உடைமரங்களை வெட்டி அடுக்கி, மேலே செத்தையும் ஈரமண்ணும் போட்டு மூடித் தீ வைக்கிறார். வாரக்கணக்கில் அது உள்ளுக்குள்ளேயே வேகிறது. ஒன்று வேகும்போதே அடுத்ததை அடுக்கிவிடுகிறார்கள். மேல்காற்று தொடங்கியதிலிருந்து அவ்வளவு புகையும் வீட்டுக்குள்தான் வருகிறது. சோற்றில் புகை, தலைமுடியில் புகை, துவைத்துக் காயப்போட்ட சேலையில் புகை.

கண் எரிச்சலும் இருமலும் வீட்டில் எல்லாருக்கும் இருக்கின்றன. அதற்காக நான் எழுதவில்லை. மதினி, எனக்குக் காரணமில்லாமல் அழுகை வருகிறது. அரிசி களைந்துகொண்டே அழுகிறேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நேற்று வயிற்றில் பிள்ளை புரண்டது. அத்தை கை வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கோ, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், எழுந்துபோய்த் திறக்கணுமே என்று சலிப்பாக இருந்தது. பெற்றுக்கொள்ளப் போகிறவளுக்கு இப்படித் தோன்றலாமா?

அம்மாவுக்கு எழுதினால் பயந்துவிடுவாள். அண்ணனுக்கு எழுதினால் கோபப்படுவார். நீங்கள் பக்குவமாகச் சொல்லி, ஏழாம் மாதம்வரை காத்திராமல் என்னை இப்போதே அழைத்துப்போகச் சொல்லுங்கள்.

எஸ்தர்


எட்டயபுரம்
20.6.1982

பிரியமுள்ள மதினிக்கு ஸ்தோத்திரம்.

எடுத்தவுடனே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம். அது நான் பிறந்த வீடு. அந்த வீட்டில்தான் என் அம்மா எங்களைப் பெற்று வளர்த்தாள். அரிசி களைந்துகொண்டு அவள் அழுது நான் பார்த்ததில்லை. புகை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? இங்கே உங்கள் அம்மா வீட்டு அடுப்பில் பருத்திமார் எரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அதற்காக நான் என்ன ஒப்பாரியா வைக்கிறேன்? முந்தானையில் துடைத்துக்கொண்டு குழம்பைக் கிண்டுகிறேன்.

சரி, கோபத்தை விடுங்கள். ஒரே நாளில், ஒரே கோயிலில், நமக்கு ரெண்டு தாலி ஏறியது. என் சாமுவேல் அண்ணனுக்கு நீங்கள், உங்கள் அண்ணனுக்கு நான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தத்தில் ஒரு தட்டு இறங்கினால் மறு தட்டு சும்மா இருக்குமா? நீங்கள் இப்போதே இங்கே வந்து இறங்கினால், ‘எஸ்தர் கோவிச்சுக்கிட்டு வந்துட்டாளாம்’ என்று ஊர் பேசும். என் அம்மா சும்மா இருப்பாளா? ‘அப்பம் எம்மவளும் இங்கன வரட்டும்’ என்று மறுநாளே ஆள் அனுப்புவாள். நான் எதற்காக வரவேண்டும்? நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உங்கள் அண்ணன் கோவில்பட்டிக் கமிஷன் கடையிலிருந்து வரும்போது கடலைமிட்டாய் வாங்கி வருகிறார். உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் தலையணைக்கடியில் வைத்துத் தின்கிறேன்.

நீங்கள் எழுதியதை அவரிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். “தலைப்பிள்ளைக்காரி, அம்மா வீட்டுக்கு ஆசப்படுதா. ஏழாம் மாசம் கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போயி முறையாக் கூட்டிட்டு வாரேன்” என்றார். அன்றைக்கே என்னையும் அங்கே கொண்டுவந்து விடுவார்களாம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே நாள். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். என் அம்மாவைக் குறைசொல்லாதீர்கள்.

நேசம்


எப்போதும்வென்றான்
4.7.1982

பிரியமான மதினிக்கு,

அத்தையை நான் குறைசொல்லவில்லை. அவர்கள் என்னைத் தங்கமாகத்தான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்ப்பதுதான் என்னைக் கொல்லுகிறது. கருக்கலானதும் வீட்டு ஜன்னல் அத்தனையையும் சாத்திவிடுகிறார்கள். “வாயும் வயிறுமா இருக்கவளக் காத்து கருப்பு அண்டிரும்” என்கிறார்கள். பகலெல்லாம் உள்ளே வந்த புகைக்கு அதற்குப் பிறகு வெளியே போக வழியில்லை. அதோடுதான் நான் படுக்கிறேன்.

நான் அழுவதைப் பார்த்து என்மேல் ஏதோ பட்டுவிட்டது என்று ஒரு சட்டியில் கங்கு அள்ளி, வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் அத்தை என்று கும்பிட்டேன். கும்பிட்டதையும் அந்தப் பேய்தான் செய்கிறது என்று நினைத்துவிட்டார்கள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஆசீர்வாதம் உபதேசியார் வந்து என் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார். அவரும் இருமிக்கொண்டேதான் ஜெபிக்கிறார்.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். ரத்தம் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். மனசைப்பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்தேன். போன மாதம் ஒட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கினோம். அங்கே நான் சிரித்தேன் மதினி. பிள்ளை புரண்டபோது அதற்குப் பேர் யோசித்தேன். திரும்பி வந்த அன்று சாயங்காலமே நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தாற்போல் ஆகிவிட்டது. மூட்டத்தைப் பிரித்துக் கரி அள்ளுகிற நாளில், காற்று மாறிய நாளில், நான் பழைய எஸ்தராக இருக்கிறேன். இது பேய் இல்லை. பேய் காற்றடிக்கிற திசையைப் பார்த்தா வரும்?

கடைசியாக இதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் கிடை போட்டிருக்கிற பத்திரகாளியைத் தெரியுமல்லவா, ஆட்டுக்காரி. அவளுடைய சின்னப்பெண் மோர் கேட்டு வந்து என் சேலையைப் பிடித்தது. பிடித்துத் தள்ளிவிட்டேன். ஆட்டுக்கல்லில் விழுந்து உதடு கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தூக்கத் தோன்றவில்லை. பத்திரகாளிதான் ஓடிவந்து தூக்கினாள். என்னைத் திட்டவில்லை. “ஒங்களுக்கு ஒடம்பு சரியில்ல தாயி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளைக்கு என் பிள்ளையை நான் என்ன செய்வேன்? என்னைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

எஸ்தர்


எட்டயபுரம்
11.7.1982

மதினிக்கு,

உங்கள் கடிதம் படித்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஒரு பச்சைப்பிள்ளையைத் தள்ளலாமா? தள்ளிவிட்டுப் புகை தள்ளியது என்று எழுதலாமா? அதே புகையில்தான் என் அண்ணன் பாடுபடுகிறான், என் அம்மா ஆக்கிப்போடுகிறாள். அவர்கள் யாரையும் தள்ளவில்லையே.

உங்கள் நல்லதுக்காக ஒரு காரியம் செய்திருக்கிறேன், கோபிக்கக் கூடாது. அம்மாவுக்கு ஒரு கார்டு போட்டேன். மதினிக்கு மனசு சரியில்லை, கரிப்புகை ஆகவில்லை என்கிறாள், பிள்ளைமேல் பிரியமில்லை என்கிறாள், கொஞ்சம் கவனித்துக்கொள் என்று எழுதினேன். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, உபதேசியார் வாசித்துக் காட்டுவார். மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு புழுங்குவதைவிடப் பெரியவர்களுக்குத் தெரிவது நல்லதுதானே.

நேசம்


எப்போதும்வென்றான்
19.7.1982

நேசம்மாளுக்கு,

உங்கள் கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது உபதேசியார் அதை வாங்கிச் சத்தமாக வாசித்தார். கரி அள்ளுகிறவர்கள் வாசலில் நின்றார்கள். ‘பிள்ளைமேல் பிரியமில்லை என்கிறாள்’ என்பதை அத்தைக்குக் காது கேட்கவில்லை என்று ரெண்டாம் தரமும் வாசித்தார்.

உங்கள் அண்ணன் எழுந்துபோனார். பிறகு வந்து, “எம் பொகையிலதான் ஒனக்குச் சோறு வருது” என்றார். அதற்கப்புறம் என்னோடு பேச்சில்லை. காடு காய்ந்துகிடக்கிறது, அவரும் வேறு என்ன செய்வார்? அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்மேல் ஒரு வெறுப்பு வருகிறது, அதை அடக்க முடியவில்லை.

அத்தை என்னை உள்ளறையில் படுக்கச் சொல்லிவிட்டார்கள். அதில் ஜன்னலே கிடையாது. பேய்க்கு வழியிருக்காதாம்.

இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

எஸ்தர்ராணி


எப்போதும்வென்றான்
5.9.1982

பிரியமுள்ள மதினிக்கு நேசம்மாள் எழுதுவது.

இப்போது நான் இங்கே, நீங்கள் அங்கே. நான் எந்த பஸ்ஸில் வந்து இறங்கினேனோ அது தூத்துக்குடி போய்த் திரும்பும்போது நீங்கள் ஏறிப்போனீர்கள். நடுவில் அவ்வளவு நேரம் ஒரே வீட்டில் இருந்தோம். கட்டுச்சோற்றை ஒரே இலைவரிசையில் உட்கார்ந்து தின்றோம். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கன்னமெல்லாம் ஒட்டிப்போய் இருந்தீர்கள். என்னமாய் இருந்த பெண் என்று நானே பயந்துவிட்டேன்.

அம்மா என்னை உட்காரவைத்துச் சோறு போடுகிறாள். நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறாள். புகை இருக்கத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். வந்த அன்றைக்குத் தலை வலித்தது. பழகிவிடும். என் வீடுதானே.

கார்டு விஷயத்தை அம்மா சொன்னாள். உபதேசியாருக்கு அவ்வளவு சத்தம் ஆகாது. ஒரு வரி பதில் போடுங்கள்.

நேசம்


எப்போதும்வென்றான்
26.9.1982

மதினி,

பதில் இல்லை. சரி.

மேல்காற்று குறைந்துவிட்டது. இப்போது காற்றே இல்லை. புகை முற்றத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, எழுந்துபோக மாட்டேன் என்கிறது. வடக்குப்பக்கம் சிவனாண்டியும் மூட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் அண்ணன் ஆள்மூலம் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டார். பிரித்து வைத்துவிட்டு எறும்பு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து, “ஏட்டி, எறும்பு மொய்க்கி, பாத்துக்கிட்டா இருக்க?” என்று கத்தினாள். அவளைப் பார்த்து நானும் கத்தினேன். என்ன வார்த்தை சொன்னேன் என்று எழுத மாட்டேன். பெற்ற தாயைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. அவள் அடுப்பங்கரையில் போய் உட்கார்ந்து, “நீயுமாட்டி?” என்று கேட்டாள்.

நான்தான் வாயாடி, நான்தான் சிரிப்பாணிக்காரி என்று எல்லாரும் சொல்லுவீர்கள். மதினி, எனக்குச் சிரிக்க வரவில்லை. யார் பேசினாலும் தூரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. பிள்ளை அசைந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. நீங்கள் எழுதியதெல்லாம் இதுதானா? இதை வைத்துக்கொண்டா அத்தனை மாதம் இருந்தீர்கள்?

நீங்களாவது மாமியார் வீடு என்று குறை சொல்லலாம். நான் யாரைச் சொல்வேன்? இதுதான் என் தாய்வீடு. இங்கிருந்து கோபித்துக்கொண்டு போக எனக்கு எந்த வீடு இருக்கிறது? உங்கள் அண்ணனிடம் சொல்லி என்னை அழைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நேசம்


எட்டயபுரம்
3.10.1982

நேசம்மாள் மதினிக்கு எஸ்தர் எழுதுவது.

எனக்கு இப்போது தூக்கம் வருகிறது. பசிக்கிறது. காலையில் எழுந்து பின்வாசலில் நின்றால் வெறும் காற்று அடிக்கிறது. அதற்குக்கூட ஒரு வாசனை இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. பிள்ளையோடு பேசுகிறேன். அம்மா கேலி செய்கிறாள்.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் சொன்னேன். பக்குவமாகத்தான் சொன்னேன். தலைப்பிள்ளைக்காரி, ஆசைப்படுகிறாள் என்றார். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்காமல் மாமியார் வீட்டுக்குத் தூக்கிவந்தால் உங்கள் அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பார் அவர்? ஊர் என்ன பேசும்?

அது நீங்கள் பிறந்த வீடு அல்லவா? புகை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்தர்ராணி


எப்போதும்வென்றான்
12.10.1982

மதினி,

உங்கள் கடிதம் சரிதான். எனக்கு வேண்டியதுதான்.

கோபமாகக்கூட வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் வராமல் இருந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

தோட்டத்துக் கிணறு வற்றிவிட்டது. நேற்று மத்தியானம் அங்கே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். உள்ளே இருட்டாக, குளிர்ச்சியாக, சுத்தமாக இருந்தது. அங்கே புகை இருக்காது என்று தோன்றியது. படியில் ஒரு காலை வைத்துவிட்டேன். பத்திரகாளி ஆடு பத்திக்கொண்டு வந்தவள் பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்து இழுத்தாள். வலித்தது. வலித்தது நன்றாக இருந்தது.

அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நேசம்


எட்டயபுரம்
18.10.1982

நேசம்,

என் முந்தின கடிதத்தை அடுப்பில் போடுங்கள். நீங்கள் அங்கே கல்லாக இருந்தபோது நான் இங்கே உங்கள் வார்த்தையையே திருப்பி எழுதிப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பத்தாம் தேதி பிரசவமாகிவிட்டது. பெண். எடை குறைவு, ஆனாலும் நல்ல குரல். கையில் கொடுத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். இது எனக்கு வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். உடனே உங்கள் நினைவுதான் வந்தது. ஐந்தாம் நாள் பார்த்தால் உங்கள் கடிதம்.

அண்ணனிடம் கிணற்றைப்பற்றிச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், “அவிய அம்மாவாக் கேட்டு அனுப்புனாத்தான் நான் கூட்டிட்டு வர முடியும். நான் போயிக் கூப்பிட்டா, ஒங்க வீட்டுல எம் பொண்டாட்டி சாகக் கெடக்கான்னு சொல்லுத மாதிரில்லா ஆயிரும்” என்றார். சாகத்தான் கிடக்கிறாள் என்றேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அவர்களுக்கு முறைதான் பெரிசு. சரி, முறையாகவே செய்வோம். ஒருத்தி இங்கே என்றால் ஒருத்தி அங்கே. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து இறங்கிவிட்டால், எடுத்த பெண் திரும்பி வந்தாயிற்று, கொடுத்த பெண்ணையும் அனுப்பியாக வேண்டும். அதற்கு யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. தீட்டுக் கழியாமல் பச்சை உடம்போடு பஸ் ஏறுவதா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் துணியெல்லாம் எடுத்துவைத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் வருகிறதோ நான் முந்தி வருகிறேனோ. அதுவரை கிணற்றுப்பக்கம் போகாதீர்கள். என் பிள்ளைமேல் ஆணையாகப் போகாதீர்கள்.

எஸ்தர்


எட்டயபுரம்
21.11.1982

மதினி,

எழுத இத்தனை நாளாகிவிட்டது. என் அண்ணன் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய் எல்லாம் சொல்லியிருப்பான். நான் சொல்லவேண்டியதை நான்தான் சொல்லவேண்டும்.

அன்றைக்கு நீங்கள் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றபோது அம்மா உள்ளே போனாள். என் துணிமணியை அவளே மூட்டை கட்டினாள். அண்ணன் பஸ்வரைக்கும் வந்து, ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, “காத்தாட இரி” என்றான். அவனுக்கும் தெரிந்துதான் இருக்கிறது மதினி. கண்ணைத் துடைத்துக்கொண்டான், கையில் இருந்த கரி முகமெல்லாம் ஒட்டியது.

இங்கே வந்து ரெண்டாம் வாரமே வலி எடுத்துவிட்டது. மாதம் நிறையவில்லை. ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். ஒரு கைக்குள் அடங்கிவிடுவான். சபைப் போதகர் ஐயரைக் கூட்டிவந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். என்ன பேர் என்று கேட்டார். எனக்கு ஒரு பேரும் தோன்றவில்லை. எட்டு மாதமாகச் சுமந்தவளுக்கு ஒரு பேர் தெரியவில்லை. நர்ஸ் ஏதோ சொன்னாள், அதையே வைத்தார்கள். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டான். எல்லாரும் அழுதார்கள். நான் கட்டில் கம்பியில் பெயிண்ட் உரிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நேற்று உங்கள் அம்மா முறுக்குச் சுட்டார்கள். வாசலில் எதிர்வீட்டுப் பையன் வந்து நின்று கை நீட்டினான். அப்போதுதான் மதினி, அழுகை வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அலறினேன். உங்கள் அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பயப்படாதீங்க அத்தை என்றேன். இது என் அழுகை. இதற்குக் காரணம் இருக்கிறது. என் பிள்ளை செத்ததற்கு நான் அழுகிறேன்.

பால் இன்னும் சுரக்கிறது. துணியில் பிழிந்து செடியடியில் ஊற்றுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? உண்மையை எழுதுங்கள்.

நேசம்


எப்போதும்வென்றான்
28.11.1982

நேசம்,

பையனுக்காக நான் அழவேண்டும். கடிதத்தை வாசித்தேன், அழுகை வரவில்லை. அதிலிருந்தே நான் எப்படி இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

வாடைக்காற்று திரும்பியும் மழை இல்லை. சிவனாண்டியின் மூட்டத்திலிருந்து புகை நேராக வருகிறது. பச்சைக்குழந்தைக்காரி என்று அத்தை எல்லாவற்றையும் சாத்தியே வைத்திருக்கிறார்கள். உங்கள் அண்ணன் இப்போது என்னோடு பேசுகிறார். “மழ விழட்டும், மூட்டத்த நிறுத்திருதேன்” என்கிறார். மழை எப்போது விழும் என்று நான் கேட்கவில்லை.

குழந்தை இருமுகிறாள். இருமி இருமிப் பால் கக்குகிறாள். நேற்று ரொம்ப நேரம் அழுதாள். நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். நீட்டத் தோன்றவில்லை. அந்தச் சத்தம் நின்றால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். தலையணை கைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவ்வளவுதான் எழுதுவேன். அப்புறம் அத்தை வந்து தூக்கிக்கொண்டார்கள்.

நான் பிள்ளை பெற்ற அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று நான் உங்களுக்கு எழுதியிருந்தேன். என்ன எழுதினேன் என்று நினைவிருக்கிறது, எப்படி இருந்தது என்று நினைவில்லை.

நீங்கள் வந்து இவளை எடுத்துப்போங்கள். உங்களிடம் பால் இருக்கிறது. நான் வந்தால் மறுபடியும் உங்களை இங்கே இழுப்பார்கள், நான் வரமாட்டேன். பிள்ளைக்கு முறை கிடையாது, அவள் எந்த வீட்டிலும் இருக்கலாம். சீக்கிரம் வாருங்கள். என்னை நம்பி இவளை விடாதீர்கள். பத்திரகாளி கையில் கொடுத்து இதைத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

எஸ்தர்


எட்டயபுரம்
2.12.1982

ஏட்டி எஸ்தர்,

மதினி என்று எழுதப் பொறுமையில்லை.

இதைப் பத்திரகாளி பேருக்கே அனுப்புகிறேன். அவள் வாசிக்க மாட்டாள், வாயும் திறக்க மாட்டாள். கடிதம் உன் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து திங்கட்கிழமைவரை பிள்ளையைப் பகலில் பத்திரகாளியிடம் கிடைப்பக்கம் கொடுத்துவிடு. மற்ற நேரத்தில் என் அம்மா மடியை விட்டு இறக்க விடாதே. நீ தனியாக வைத்திருக்காதே. இதைச் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை, கேட்பதற்கு நீயும் வெட்கப்படாதே. நான் கிணற்றில் கால் வைத்தவள்.

பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டு உன்னை அங்கே போட்டுவிட்டு வருவேன் என்று நினைத்தாயா? உன் அண்ணனிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தார். “நீங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா ரெண்டு குடியும் போச்சு நேசம். ஒங்கண்ணன் சும்மா இருப்பானா? ஊரு சும்மா இருக்குமா?” என்றார். போகட்டும் என்றேன். ஒரு குழந்தையைப் புதைத்தாயிற்று, இன்னும் எந்தக் குடியைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டேன். உன் அம்மாதான் எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்துத் துவைத்துப் போட்டிருக்கிறார்கள், தொட்டில் கட்ட.

திங்கட்கிழமை காலை நான் முதல் பஸ்ஸில் உன் ஊரைத் தாண்டிப் போய்க் குறுக்குச்சாலையில் இறங்குவேன். அங்கிருந்து திரும்புகிற பஸ்ஸில் வருவேன். நீ பிள்ளையோடு பத்திரகாளியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நில். துணி ஒன்றும் எடுக்காதே, எடுத்தால் கேட்பார்கள். என் அண்ணன் பின்னால் வந்தாலும் வருவான். வந்தால் அவன் முகத்தைப் பார்க்காதே, பார்த்தால் பாவமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து உன்னை அழைத்துப்போக எனக்குத் தைரியம் இல்லை எஸ்தர். அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அதை உதறத் தெரியாது, நான் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். அதனால் நான் பஸ்ஸைவிட்டு இறங்க மாட்டேன். பிள்ளையை ஜன்னல்வழியே என்னிடம் கொடுத்துவிட்டு நீ திரும்பிப்போகலாம் என்று நினைக்காதே, கொடுத்தால் வாங்க மாட்டேன். அவளைத் தூக்கிக்கொண்டு நீ ஏறு.

நேசம்